நர்சிங் முதலாண்டு மாணவிக்கு எந்த ஸ்டெதாஸ்கோப் போதும்?

பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் சேர்ந்திருப்பதாகவும், சீனியர்கள் லிட்மன் கம்பெனியின் விலையுயர்ந்த கார்டியாலஜி வகை ஸ்டெதாஸ்கோப்பை வாங்கச் சொல்வதாகவும், அப்பா எப்படியாவது பணம் புரட்டித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பணம் புரட்ட வேண்டாம் என்பதே என் பதில். நான் பதினான்கு ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கிறேன். கார்டியாலஜி வகையை ஐ.சி.யூ.வுக்கு மாறிய பிறகுதான் வாங்கினேன். அதுவரை அது இல்லாத குறையால் எந்த வேலையும் நின்றதில்லை.

எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்பு, அதை வைத்து எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் பி.பி. பார்க்கத்தான் ஸ்டெத்தைக் காதில் மாட்டுவீர்கள். கையில் சுற்றிய கஃப் பட்டையின் காற்றை நொடிக்கு 2 மி.மீ. பாதரச அளவில் இறக்கிக்கொண்டே வரும்போது முதலில் தட்டுவதுபோல் எழும் ஒலியைச் சிஸ்டாலிக் என்றும், ஒலி அறவே மறையும் இடத்தை டயஸ்டாலிக் என்றும் குறிப்பீர்கள். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் விவரித்த இந்த ஒலிகளைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காதில் சரியாகப் பொருந்தும் கருவி இருந்தால் போதும். அடுத்து நுரையீரலின் அடிப்பகுதியில் கேட்கும் கிராக்கிள்ஸ் என்ற வெடிப்பொலி, ஆஸ்துமா நோயாளியின் வீஸிங் என்ற இழுப்பொலி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் ஒலி திரும்பிவிட்டதா என்பது, டிஜாக்ஸின் என்ற இதய மருந்து கொடுப்பதற்கு முன் ஐந்தாவது விலா இடைவெளியில் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டிய ஏபிகல் பல்ஸ் (இதய முனையில் கேட்கும் துடிப்பு) ஆகியவை வரும். பெரியவர்களுக்கு அது 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். இவை அனைத்துக்கும் நல்ல டயாஃப்ரம் (உடலில் வைக்கும் முனையின் தட்டையான சவ்வுப் பக்கம்) ஒன்று போதும். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கத்தில் கேட்கும் தாழ்ந்த முணுமுணுப்பு, மூன்றாவது இதய ஒலி போன்றவற்றுக்குத்தான் பெல் எனப்படும் கிண்ணம் போன்ற பக்கத்தை மென்மையாக வைத்துக் கேட்க வேண்டும். கார்டியாலஜி வகையின் கூடுதல் விலைக்கு உண்மையான பயன் அந்த நுணுக்கமான இடங்களில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு வழியே வயிற்றுக்குள் செல்லும் ரைல்ஸ் டியூப் போட்டபின் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெத்தை வைத்து ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றும் பல வார்டுகளில் காண்பீர்கள். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்த ஒலி கேட்கக்கூடும். குழாய் வழியே உறிஞ்சிய நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுப்பதும்தான் நம்பத்தக்க வழிகள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டெத்தும் இதில் உதவாது.

என் முதல் ஸ்டெத் கல்லூரியில் மொத்தமாக வாங்கி, யூனிஃபார்மோடு சேர்த்துக் கொடுத்தது. இரட்டை டியூப் கொண்ட அதில், நோயாளி சற்று அசைந்தாலும் இரண்டு டியூப்களும் ஒன்றோடொன்று உரசி, பி.பி. ஒலியைவிட உரசல் ஒலியே பெரிதாகக் கேட்கும். முதல் வார்டு போஸ்டிங்கில் ஒரு முதியவருக்கு மூன்று முறை கஃப் ஏற்றியும் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. என் காதில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் கலங்கி நின்றேன். வார்டு சிஸ்டர் வந்து, நோயாளியின் உடலில் வைக்கும் முனையான செஸ்ட் பீஸை வாங்கி, அதன் தண்டை அரைச் சுற்றுத் திருப்பி, "பெல் பக்கம் திறந்திருக்கும்மா, டயாஃப்ரத்தைத் தட்டிப் பார்த்துட்டு மாட்டு" என்றார். இருபக்கச் செஸ்ட் பீஸில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும் என்பதை எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இயர் டிப்பையும் நான் பின்னோக்கியே மாட்டியிருந்தேன். காதுக்குழாய் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், மாட்டும்போது டிப்கள் மூக்கின் திசையைப் பார்க்க வேண்டும்.

எனவே கடையில் பார்க்க வேண்டியவை ஒற்றை டியூப், துருப்பிடிக்காத எஃகாலான இருபக்கச் செஸ்ட் பீஸ், மென்மையான இயர் டிப் ஆகியவை. மதுரையில் நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, பனகல் சாலையில் உள்ள ஒரு சர்ஜிக்கல் கடையில் வாங்கினேன். உங்கள் ஊரிலும் அரசு மருத்துவமனையைச் சுற்றி இப்படிக் கடைகள் இருக்கும். காதில் மாட்டி, சொந்த இதயத்தைக் கேட்டுப் பாருங்கள். வெளிச் சத்தம் மங்க வேண்டும், ஆனால் காது வலிக்கக் கூடாது. வலித்தால் உலோகக் குழாய்களை மெல்ல அகட்டித் தளர்த்தலாம். டிப் பெரிதாக இருந்தால் சிறிய அளவைக் கேட்டு மாற்றலாம். இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு வழியில்லை. தவிரவும் லிட்மன் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன. நம்ப முடியாத தள்ளுபடி என்றால் உண்மையிலேயே நம்பாதீர்கள். அசலில் செஸ்ட் பீஸின் மீது வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

லிட்மனே வேண்டும் என்றால் கிளாசிக் III தாராளமாகப் போதும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் ஒரே டயாஃப்ரத்தில் கேட்கலாம். சிறிய பக்கம் குழந்தைகள் வார்டில் கைகொடுக்கும். அதன் டயாஃப்ரத்தைக் கழற்றி வளையத்தை மாட்டினால் பெல்லாகவும் மாறும். லைட்வெயிட் வகை இன்னும் மலிவு, பி.பி.க்கு வசதி, அதன் தட்டையான செஸ்ட் பீஸைக் கஃபுக்கு அடியில் செருகிவிடலாம் என்பதைப் பலர் சிறப்பாகச் சொல்வார்கள். ஆனால் அப்படிச் செருகுவதே தவறான பழக்கம். கஃபின் கீழ் விளிம்புக்கு வெளியே, தமனியின் மேல்தான் வைக்க வேண்டும். வீட்டு நிலைமை இடம் தராவிட்டால், சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் மைக்ரோடோன் போன்ற மலிவு வகையில் ஒற்றை டியூப் ஒன்றைக் கூச்சப்படாமல் வாங்குங்கள். கிளாசிக்கை முதல் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன், ஏனெனில் மாணவப் பருவத்தில் ஸ்டெத் உடைவதைவிடத் தொலைவதே அதிகம். பிரசவ வார்டில் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்பதற்கான ஃபீட்டோஸ்கோப் வேறு கருவி. அதற்காக இதில் எதையும் தேட வேண்டாம்.

டியூப் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால், வெறும் கழுத்தில் தொங்கவிடாதீர்கள்; தோலின் எண்ணெய்ப் பசை அதை நாளடைவில் இறுக்கி வெடிக்கச் செய்யும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் டயாஃப்ரத்தைத் துடைக்க வேண்டும். கைக்குப் பூசும் சானிடைசர் வேண்டாம், நீரில் முக்கவும் கூடாது. நிறம் உங்கள் விருப்பம். கறுப்பைத் தவிர வேறு எதுவானாலும் நல்லது. ரவுண்ட்ஸ் வரும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), "சிஸ்டர், ஒரு நிமிஷம் ஸ்டெத் குடுங்க" என்று வாங்கித் தம் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டால், பத்துக் கறுப்பு ஸ்டெத்களுக்கு நடுவே உங்களுடையதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.