அம்மா ஏன் பாடுவதை நிறுத்தினார்?

கேள்வி: எனக்கு வயது 59. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தாயார், மனைவி, மகளுடன் வசிக்கிறேன். சிராங்கூன் சாலைக் கடைகளில் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி, கர்நாடக இசை, பக்தி, திரையிசை, நாட்டுப்புறம் என்று பிரித்து வருகிறேன். எந்தப் பாட்டு எந்தப் பிரிவில் சேரும் என்பதில் எனக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் ஓயாத வாக்குவாதம். வகை பிரிப்பதே வெட்டி வேலை, கேட்பவரின் மனநிலைதான் முக்கியம் என்கிறாள் அவள். என் தாயாருக்கும் இந்த வேறுபாடு தெரியாது. விளக்கேற்றும்போது பூசை அறையில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடுவார்; சிறுவயதில் எங்களைத் தூங்கவைக்கப் பாடியதும் அதுதான். அது சினிமாப் பாட்டு, சாமி முன்னால் வேண்டாம் என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். இப்போது அவர் பாடுவதில்லை, அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு பாட்டின் வகையைக் கேட்பவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று மகளுக்குப் புரியும்படி எழுதுங்கள்.
- ஈசூன் வாசகர்

பதில்: தந்தைக்கும் பிள்ளைக்கும் பாட்டைப் பற்றி நடக்கும் சண்டையை விவரிக்கும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. இருவருக்குமே பாட்டுப் பிடித்த வீட்டில் அது நடக்கத்தான் செய்யும். அதைத் தீர்த்துவைக்க நான் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்தியது வேறொரு வரி. “இப்போது அவர் பாடுவதில்லை, அந்தச் சிக்கல் தீர்ந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலிநாடாக்களுக்கும் மகளின் வாதத்துக்கும் இத்தனை வரிகள் ஒதுக்கிய உங்களுக்கு, பெற்ற தாய் பாடுவதை நிறுத்தியது ஒரே வரியில் முடிந்துபோகும் செய்தியாக இருக்கிறது. அதில் எது சிக்கல், எது தீர்ந்தது?

நீங்கள் திருத்தியது சரிதானா என்பதை முதலில் பார்ப்போம். அந்தப் பாட்டு பாரதியாருடையது. கண்ணன் பாட்டில் ‘கண்ணம்மா - என் குழந்தை’ என்ற தலைப்பில் இருக்கிறது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்ற குறிப்பும் தலைப்போடு சேர்ந்தே இருக்கிறது. பாரதியார் 1921ஆம் ஆண்டில் மறைந்தார். அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1951ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மணமகள்’ படத்தில், சி.ஆர். சுப்பராமனின் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் அதைப் பாடினார்கள். அங்கிருந்து அது கச்சேரி மேடைக்கும் நடன அரங்குக்கும் போய், பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாக இன்றும் ஒலிக்கிறது. பராசக்தியை எண்ணி எழுதப்பட்ட பாட்டைச் சாமி முன்னால் பாடிக்கொண்டிருந்த பெண்மணியிடம், இது இங்கே பாடுவதற்குரியதல்ல என்று சொல்லியிருக்கிறீர்கள். வேறுபாடு தெரியாதவர் உங்கள் தாயார் அல்லர்.

உங்கள் மகளுக்கான விளக்கத்துக்கு வருகிறேன். கேட்பவர்கள் வகையைத் தீர்மானிப்பது யோசித்துச் செய்கிற காரியமே அல்ல. 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாணவர்களுக்கு வெவ்வேறு வகைப் பாடல்களிலிருந்து கால் வினாடித் துணுக்குகளை ஒலிக்கவிட்டபோது, வெறும் ஊகத்தால் கிட்டக்கூடியதைவிடப் பல மடங்கு துல்லியமாக அவர்கள் வகையைச் சொன்னார்கள். மூன்று வினாடி கேட்டபோது, பத்துக்கு ஏழு முறை இசைத்தட்டு நிறுவனங்கள் கொடுத்த வகையையே சொன்னார்கள். கால் வினாடியில் ராகம் பிடிபடாது, தாளம் புரியாது, சொல்லும் விளங்காது. காதில் விழுவது வாத்தியத்தின் அல்லது குரலின் நாதம் மட்டுமே. தம்புராவின் சுருதி கேட்டதும் கச்சேரி என்கிறோம், வயலின்கள் கூட்டமாக எழுந்ததும் பழைய படப் பாட்டு என்கிறோம். இந்த அவசரத் தீர்ப்பு பலமுறை தவறிவிடுகிறது. டி.எம். சௌந்தரராஜன் முருகன்மேல் பாடிய தனிப்பாடல்கள் பல எந்தப் படத்திலும் இடம்பெறாதவை. ஆனாலும் அந்தக் குரலுக்காகவே அவற்றைத் திரைப்பாடல் என்று நம்புகிறவர்கள் உண்டு.

அதைவிட ஆழமானது, ஒரு பாட்டை எங்கே, யாரோடு, எதற்காகக் கேட்கிறோம் என்பது. நம் தைப்பூச ஊர்வலப் பாதையில் 1973 முதல் இருந்த இசைக்கருவித் தடை தளர்த்தப்பட்டு, 2016ஆம் ஆண்டில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. காவடியைச் சுமந்துகொண்டு வெயிலில் நடப்பவர், திரைப்பட மெட்டில் அமைந்த முருகன் பாட்டைக் கேட்டு ஓரடி கூடுதலாக எடுத்துவைக்கும்போது, அந்த மெட்டு எந்தப் படத்திலிருந்து வந்தது என்பது அவருக்கு ஒரு பொருட்டா? அவருக்கு அது முருகன் பாட்டுதான். இப்போது உங்களைக் கேட்கிறேன்: ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டை நீங்கள் முதன்முதலில் எந்தத் திரையரங்கில் கேட்டீர்கள்? தூங்கவைக்கப் பாடியவரின் குரலில்தானே கேட்டீர்கள்? தாலாட்டாக உங்கள் காதுக்குள் நுழைந்த பாட்டைச் சினிமாப் பாட்டு என்று அவரிடமே திருப்பிச் சொல்ல எப்படி மனம் வந்தது?

வகை பிரிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தேடி எடுக்க அது உதவும். ஆனால் நம்மவர்கள் வகையோடு கூடவே மேல், கீழ் என்றும் பிரித்துவிடுகிறோம். கச்சேரிகளில் பிறமொழிக் கீர்த்தனைகளுக்கு முதன்மை தந்து, தமிழ்ப் பாடல்களைக் கடைசியில் துக்கடாவாக, அதாவது சிறு உருப்படிகளாக, ஒதுக்கியதை எதிர்த்து எழுந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவியது அதற்காகத்தான். அன்று மேடையில் நடந்ததை நீங்கள் பூசை அறையில் செய்திருக்கிறீர்கள். “சினிமாப் பாட்டு” என்று நீங்கள் சொன்னபோது வகையைச் சொல்லவில்லை, தகுதியில்லை என்று சொன்னீர்கள். உங்கள் தாயாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

தகவல் சரியாகவே இருந்திருந்தாலும் நீங்கள் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்பேன். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீவக வீட்டில், வயதான தாய்க்கென்று மிஞ்சும் இடம் மிகக் குறைவு. சமையலறை மருமகளின் பொறுப்பில் இருக்கும், வரவேற்பறைத் தொலைக்காட்சி மற்றவர்களின் விருப்பப்படி ஓடும். விளக்கேற்றும் சில நிமிடங்கள்தாம் அவருக்கே உரியவை. மகன் வீட்டில் இருக்கும் தாய் எதிர்த்துப் பேசமாட்டார், செய்துகொண்டிருந்ததை நிறுத்திக்கொள்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெற்றவரைக் காக்கும் கடமையுள்ள மகனுக்கு அழகல்ல. வாக்குவாதம் செய்யும் மகளோடு நீங்கள் ஓயாமல் பேசுகிறீர்கள். பேசாமல் இருந்துவிட்டவரிடம் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

ஒரே பாட்டைக் கணினியில் இரண்டு மூன்று பிரிவுகளில் வைக்கலாம், அதற்குமேல் அதில் சண்டைக்கு எதுவும் இல்லை. இன்று மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டில் இருங்கள். நான் சொன்னது தவறு அம்மா, அது பாரதியார் பராசக்திமேல் பாடியது, நீங்கள் பாடுங்கள் என்று மனைவி, மகள் காதுபடவே சொல்லுங்கள். அவர் உடனே பாடிவிடமாட்டார். மறுநாளும் கேளுங்கள், அதற்கு மறுநாளும் கேளுங்கள். பேத்தியைப் பாட்டியிடம் உட்காரவைத்து முழுப் பாட்டையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவுசெய்ய விரும்பினால் அவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள், அந்தப் பதிவை எந்தப் பிரிவில் வைப்பது என்று அவரையே கேளுங்கள்.