பருவநிலை மாநாட்டுக்கு மகளை அனுப்ப நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறாள். நவம்பரில் துருக்கியில் நடக்கும் ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு 'இளைஞர் பிரதிநிதி'யாகத் தேர்வாகியிருக்கிறாள் என்று மெயில் வந்திருக்கிறது. மொத்தம் ஒன்றே முக்கால் லட்சமாம். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைக்க யோசிக்கிறேன். நம்பிக் கட்டலாமா? – ஒரு தந்தை, கல்லிடைக்குறிச்சி.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை தாண்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மாநாடு உண்மைதான். 2026 நவம்பர் 9 முதல் 20 வரை அந்தாலியா நகரில் நடக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை நடக்கும் வளாகத்துக்குள், அதாவது நீல மண்டலத்துக்குள், போக விரும்பும் மாணவர் தன் பெயரைத் தானே பதிய முடியாது. மாநாடு பார்வையாளராக அங்கீகரித்த ஓர் அமைப்பு, ஐ.நா. பருவநிலைச் செயலகத்துக்கு அவர் பெயரை அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அமைப்புக்கும் இத்தனை பேர்தான் என்று ஒதுக்கீடு உண்டு. பெயர் பதிவானால் செயலகத்திலிருந்தே உங்கள் மகளுக்கு மெயில் வரும். மாநாடு நடக்கும் இடத்துக்குப் போய் பாஸ்போர்ட்டைக் காட்டினால் பேட்ஜ், அதாவது உள்ளே விடும் அடையாள அட்டை, கிடைக்கும். இதற்குச் செயலகம் ஒரு பைசாகூட வாங்குவதில்லை.

ஆகவே மெயில் அனுப்பியவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'எந்த அமைப்பின் ஒதுக்கீட்டில் என் மகள் பெயரைப் பதிகிறீர்கள்?' பெயர் சொன்னால், செயலகத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கே நேராகப் போன் போட்டு விசாரியுங்கள். பெயர் சொல்லாமல் 'ஐ.நா.வோடு இணைந்து நடத்துகிறோம்', 'சர்டிபிகேட் உண்டு', 'இன்னும் மூன்று சீட்தான்' என்று இழுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இவர்கள் பிழைப்பதே ஒரு குழப்பத்தை வைத்துத்தான். நீல மண்டலத்துக்கு வெளியே பச்சை மண்டலம் என்று ஒன்று இருக்கும். கண்காட்சி, கலந்துரையாடல் எல்லாம் நடக்கும்; பொதுமக்களும் போகலாம். அந்த வாசலில் நிறுத்திப் படம் எடுத்து 'மாநாட்டில் பங்கேற்றார்' என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். இன்னும் சிலர் அதே ஊரில் ஓட்டல் அறை பிடித்து, பிள்ளைகளை ஆளுக்கொரு நாடாக உட்காரவைத்து மாதிரி ஐ.நா. நடத்திவிட்டு, அதையே பேச்சுவார்த்தை என்று விற்கிறார்கள். ஏமாறுவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்தான். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் என்ற பேச்சு வந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நேர்மையான அமைப்புகளிலும் பல, 'பேட்ஜ் எங்கள் பொறுப்பு, பயணச்செலவு உங்களுடையது' என்றுதான் சொல்லும். எல்லோரையும் அழைத்துப்போக அவர்களிடம் நிதி இருக்காது. அப்படி என்றால் டிக்கெட்டை நீங்களே விமான நிறுவனத்தில் எடுப்பீர்கள், தங்குமிடத்துக்கு நீங்களே கட்டுவீர்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்கும். அதில் தவறில்லை. டிக்கெட், அறை, விசா, பேட்ஜ் எல்லாவற்றையும் ஒரே தொகையாக்கி யாரோ ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். கல்லூரியே அனுப்புகிறது என்றாலும் முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் மகள் படிக்கும் கல்லூரியே இந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். லாப நோக்கமில்லாத நிறுவனம் விண்ணப்பிக்கத் தடையில்லை. இன்று போட்டால் இந்த ஆண்டே கிடைத்துவிடாது, மாநாடு கூடி ஒப்புதல் தர வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே செய்யுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்றோடு படம் எடுக்க முந்துகிற நிர்வாகங்களுக்கு, ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைப்பதில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள்.

மகளுக்குச் செலவில்லாத வழியும் இருக்கிறது. செயலகம் முறைப்படி அங்கீகரித்த இளைஞர் பிரிவின் பெயர் யங்கோ. அதில் சேரக் கட்டணம் கிடையாது. அதில் இழப்பு-சேதம், அதாவது பருவநிலை மாற்றத்தால் வரும் வெள்ளம், புயல் போன்றவற்றில் மக்கள் இழப்பவை, பற்றிப் பேசும் குழுவில் சேரச் சொல்லுங்கள். அப்படி இழந்த நாடுகளுக்கு உதவும் இழப்பு-சேத நிதிக்கு உயிர் கொடுத்தது துபாயில் நடந்த இதே பருவநிலை மாநாடு; அது 2023 டிசம்பர் 13-இல் முடிந்தது. அடுத்த நான்காம் நாள் தாமிரபரணி கரை புரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் நெல்லும் வாழையும் போயின, நிவாரணம் யாருக்கு வரவில்லை என்று ஆற்றங்கரை ஊர்களில் விசாரித்து அவள் எழுதி வைத்தால், பெயர் அனுப்பும் அமைப்பு ஒன்றை அணுகும்போது கையில் சரக்கு இருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். திருநெல்வேலி சேவை மையத்திலேயே முடிந்துவிடும், சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்தான், ஏஜென்ட் வேண்டாம்.

ஒருவேளை முன்பணத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மெயிலையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள்.