நீலமா, பச்சையா, ஆரஞ்சா? எந்தப் பால் வாங்கறது

கேள்வி: பெரம்பூர்ல இருக்கோம் சார். மூணு வயசு பொண்ணு, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடற மாமியார், திக்கா காபி கேக்கற வீட்டுக்காரர். ஆரஞ்சு பாக்கெட் வாங்கி சரிபாதி தண்ணி கலந்துதான் எல்லாருக்கும் குடுக்கறேன். ஏ2 பால்தான் நல்லதுன்னு பக்கத்து ஃபிளாட்ல சொல்றாங்க. எது வாங்கட்டும்?

பதில்: அந்தத் தண்ணிய மொதல்ல நிறுத்துங்கம்மா. பாக்கெட்ல ரெண்டு நம்பர் சதவீதத்துல போட்டிருக்கும், ஒண்ணு கொழுப்பு, இன்னொண்ணு எஸ்என்எஃப், அதாவது கொழுப்பு போக மிச்சம் இருக்கற புரோட்டீன், லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை, கால்சியம் எல்லாம் சேத்து. நீங்க வாங்கற ஆரஞ்சு, அதாவது ஃபுல் க்ரீம்ல 6, 9. ஸ்டாண்டர்டைஸ்டுல 4.5, 8.5. டோன்டுல 3, 8.5. டபுள் டோன்டுல 1.5, 9. இப்ப நீங்க ஃபுல் க்ரீம்ல பாதி தண்ணி ஊத்தினா கொழுப்பு 3 ஆயிடும் சரி, ஆனா எஸ்என்எஃப்பும் 4.5க்கு எறங்கிடும், அப்ப பொண்ணுக்குப் போற புரோட்டீன், கால்சியம் பாதிதான். டோன்டுன்னா தண்ணிப்பால்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு, கொழுப்பெடுத்த பால் பவுடர் சேத்து அந்த 8.5ஐ சரி பண்ணிடறாங்க. கலரை நம்பாதீங்க, ஆவின்ல நீலம் டோன்டு, பச்சை ஸ்டாண்டர்டைஸ்டு, ஆரஞ்சு ஃபுல் க்ரீம், ஆனா வேற கம்பெனில அதே கலர் வேற பாலா இருக்கலாம்.

மாமியாருக்கு டபுள் டோன்டு. 200 மில்லி டம்ளர்ல ஃபுல் க்ரீம்னா 12 கிராம் கொழுப்பு, இதுல 3 கிராம், கால்சியம் ஒண்ணும் கொறையாது. பொண்ணுக்கு பச்சை போதும், ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர், அதுக்கு மேல குடிச்சா வயிறு ரொம்பி சோறு எறங்காது, அப்புறம் இரும்புச்சத்து கொறையுதுன்னு டாக்டர்கிட்ட ஓடணும். சாருக்கு அரை லிட்டர் ஆரஞ்சு, தண்ணி காட்டாம. தயிர் கெட்டியா வேணும்னாலும் அதுலயே ஒறை ஊத்துங்க.

ஏ2 விஷயம் என்னன்னா, பால்ல இருக்கற பீட்டா கேசீன்ங்கற புரோட்டீன்ல ஏ1, ஏ2ன்னு ரெண்டு வகை, ரெண்டுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுது, அவ்ளோதான். எருமைப்பாலே ஏ2 தான், இதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல! லாக்டோஸ் ஒத்துக்காதவங்களுக்கு ஏ2வும் ஒத்துக்காது, அதுலயும் அதே லாக்டோஸ்தான். ரெண்டு மடங்கு வெல குடுக்கற அளவுக்கு ஆதாரம் இல்லங்கறது என் கருத்து. பண்ணைப் பாலா வாங்கினா பொங்கக் காய்ச்சாம வாயில வைக்காதீங்க.

பாக்கெட் பால் 72 டிகிரில 15 செகண்ட் சூடு பண்ணி வர்றதுதான், ஆனா நம்ம ஊர்ல கடை வாசல் டிரேல எவ்ளோ நேரம் வெயில்ல கெடந்துச்சோ, ஒரு தடவை காய்ச்சிடுங்க, சும்மா சும்மா காய்ச்ச வேணாம்.

மழைக்காலத்துல ரெண்டு டெட்ரா பேக் வாங்கி வைங்க, 2023 டிசம்பர் புயல்ல பாலுக்கு நாம அலைஞ்சது ஞாபகம் இருக்கும்ல. பிரிக்காத வரைக்கும் அலமாரில இருக்கலாம், பிரிச்சா அதுவும் பிரிட்ஜுக்குத்தான் போகணும்.