பி.எஸ்.என். முடித்த கையோடு என்.என்.பி. படிப்பில் சேரலாமா?

டெக்சாஸிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம்.

உங்கள் மகள் வரும் மே மாதம் பி.எஸ்.என்., அதாவது நர்ஸிங் இளநிலைப் பட்டம், முடிக்கிறார். பச்சிளங்குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (சிகிச்சை முடிவுகளையும் எடுக்கும் மேற்படிப்பு நர்ஸ்), அதாவது என்.என்.பி., ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். ஆனால் விசாரித்த இடமெல்லாம் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். நண்பரின் மகள் குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் உடனே சேர்ந்துவிட்டாள், நம் பெண்ணுக்கு மட்டும் ஏன் இரண்டு வருஷம் வீணாக வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதிக்க வழி தேடாதீர்கள். மகளின் மொத்தத் தொழிலுக்கும் அடித்தளம் அங்கேதான் விழுகிறது. எந்தக் கல்லூரியில் எம்.எஸ்.என். (நர்ஸிங் முதுநிலைப் பட்டம்) படித்தார் என்பதைவிட, எந்த என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) நர்ஸாக நின்றார் என்பதுதான் பின்னாளில் கைகொடுக்கும். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

காரணம், அந்த வேலை அப்படிப்பட்டது. பல மருத்துவமனைகளில் நள்ளிரவில் என்.ஐ.சி.யூ.வில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் என்.என்.பி.தான். பிரசவ அறைக்கு ஓடுவது, மூச்சுக்குழாய் பொருத்துவது, தொப்புள்கொடி இரத்தக்குழாயில் கதீட்டர் செலுத்துவது எல்லாம் அவர் கைவேலை. 26 வாரத்தில் பிறந்த, 800 கிராம் எடையுள்ள குழந்தை வென்டிலேட்டரில் இருக்கிறது, ஆக்சிஜன் அளவு சட்டென்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நகர்ந்துவிட்டதா, சளி அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, கருவியில் கோளாறா என்று சில நொடிகளில் பார்த்தாக வேண்டும். எக்ஸ்-ரே வரும்வரை காத்திருக்காமல், அறை விளக்கைக் குறைத்து மார்பில் ஒளிக்கருவியை வைத்துப் பார்ப்பார்கள். காற்று சேர்ந்த பக்கம் வழக்கத்தைவிடப் பரவலாக ஒளிரும். புத்தகத்தில் இது இரண்டு வரிதான். பலமுறை பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த நேரத்தில் கை நடுங்காது.

விதிமுறையும் இதையொட்டித்தான் இருக்கிறது. பெரும்பாலான என்.என்.பி. படிப்புகள், மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன் மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்.ஐ.சி.யூ.வில் (நிலை எண் கூடக்கூட சிகிச்சை வசதியும் கூடும்) இரண்டு ஆண்டு முழுநேர ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், அனுபவத்தைக் கேட்கின்றன. தியரிப் பாடங்களை மட்டும் வேலை பார்த்துக்கொண்டே தொடங்க விடும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் அவசரத்துக்கு நியாயமான வழி அது ஒன்றுதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இரண்டாம் நிலைப் பிரிவில் சேர்ந்துவிடுவார்கள். அங்கே வருவது பெரும்பாலும் 32 வாரம் தாண்டிய, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைகள். அந்த அனுபவத்தைப் பல கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை. பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு அனுபவமும் அப்படித்தான். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கார் ஓட்ட வேண்டியிருந்தாலும் மூன்றாம் நிலைக்குப் போகட்டும். சிக்கலான அறுவை சிகிச்சைகள் நடக்கும் நான்காம் நிலை கிடைத்தால் இன்னும் நல்லது. புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கான ரெசிடென்சி (பயிற்சியோடு கூடிய வேலை) இடங்களுக்குப் பட்டம் வாங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் வாங்கிவிடுவார்கள். அதனால் மகள் இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.

சேர்ந்த பிறகு, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருவது போதாது. டாக்டரையோ என்.என்.பி.யையோ அழைத்துவிட்டு, அவர் வருவதற்குள் "நான் என்றால் என்ன செய்வேன்" என்று மனதில் ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் அவர் செய்ததோடு ஒப்பிட்டு, ஏன் என்று கேட்கட்டும். கணக்கில் கவனம் முக்கியம். மூச்சு நின்று நின்று வரும் குறைமாதக் குழந்தைக்குக் காஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் பொதுவாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். 800 கிராம் குழந்தைக்கு 16 மில்லிகிராம். ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் 160. என்.ஐ.சி.யூ. நர்ஸ்கள் டோஸை இருவராகச் சரிபார்ப்பதன் காரணம் இதுதான்.

பிறந்த குழந்தைக்கு மூச்சை மீட்கும் என்.ஆர்.பி. பயிற்சி எப்படியும் கட்டாயமாக இருக்கும். நோயுற்ற பச்சிளங்குழந்தையின் நிலையைச் சீராக்கக் கற்றுத்தரும் ஸ்டேபிள் பயிற்சியையும் முடிக்கலாம். 24 மாத அனுபவமும் 2,000 மணி நேரமும் நிறைந்ததும் என்.சி.சி. என்ற சான்றிதழ் அமைப்பு என்.ஐ.சி.யூ. நர்ஸ்களுக்கு நடத்தும் ஆர்.என்.சி.-என்.ஐ.சி. தேர்வை எழுதட்டும்; விண்ணப்பத்துக்கு அது நல்ல பலம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நர்ஸிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, ஆன்லைன் படிப்பென்றால் டெக்சாஸில் வசிப்பவரைச் சேர்க்க அனுமதி உண்டா, என்.சி.சி.யின் என்.என்.பி. சான்றிதழ்த் தேர்வில் முதல் முறையிலேயே எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி தரும் ப்ரிசெப்டரைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, மாணவியே தேட வேண்டுமா என்று கேளுங்கள். நூற்றுக்கணக்கான மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி முடித்தாக வேண்டும். ப்ரிசெப்டர் கிடைக்காமல் படிப்பு இழுபடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற வேதனை. மகள் வேலை பார்க்கும் பிரிவில் நல்ல பெயர் எடுத்திருந்தால், அங்குள்ள என்.என்.பி.க்களே முன்வருவார்கள்.

எம்.எஸ்.என். போதுமா, டி.என்.பி. (நர்ஸிங் பணிசார் முனைவர் பட்டம்) வேண்டுமா என்பது இன்றே தீர்க்க வேண்டிய கேள்வி இல்லை.

ஒரு விஷயத்தை மகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். என்.என்.பி. சான்றிதழ் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே. பின்னாளில் பெரிய குழந்தைகளைப் பார்க்க விரும்பினால் வேறு சான்றிதழுக்கு மீண்டும் படிக்க வேண்டும். இந்த வேலையில் குழந்தைகள் இறப்பதையும் பார்ப்பார். தன்னால் தாங்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ளவும் அந்த இரண்டு வருஷம் உதவும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தவரைத் தூங்க விடுங்கள். கல்யாணப் பேச்சை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனையே படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தருமா என்று வேலைக்கான நேர்காணலிலேயே கேட்கட்டும். ஆண்டுக்கு 5,250 டாலர் வரையிலான அத்தகைய உதவிக்கு வருமான வரி கிடையாது. பதிலுக்கு எத்தனை ஆண்டு அங்கேயே பணிபுரிய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.