மெயின் ரோட்டைப் பார்த்த வீடு, வாடகை 4,000 ரூபாய் குறைவு. மும்பையில் எடுக்கலாமா?

அந்த 4,000 ரூபாய் கையில் நிற்காது. நாங்கள் சயானில் அப்படி ஒரு வீட்டில் ஆறு வருடம் இருந்தோம்.

சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் ஆரம்பித்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் சத்தம் குறையும், ஆனால் மும்பைப் புழுக்கத்தில் உட்கார முடியாது. சரி என்று ஏசி வாங்கினோம். கரண்ட் பில் மாதம் 2,000 ரூபாய் ஏறியது. அப்படியும் தூக்கம் இல்லை என்று இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம், அதுவும் வாடகை வீட்டில். பத்தாவது படித்த மகள் வெளியே போய் உட்கார்ந்து படிக்க ஸ்டடி ரூம் கட்டணம் தனி.

குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. 2020 வாக்கில் மும்பை போலீஸ், ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்படி சில சிக்னல்களில் செய்து பார்த்தது. எல்லா இடத்துக்கும் அது வரவேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். இரவுச் சத்தத்தில் நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்துச் சத்தத்தால் வருடத்துக்குக் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் பறிபோவதாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது.

ஆனால் எனக்கு ஆறாதது வேறு. அம்மாவுக்கு ஆஞ்சியோ செய்து வீட்டுக்குக் கூட்டி வந்த இரண்டாம் நாள், கீழ் வீட்டில் ஹல்தி, அதாவது கல்யாணத்துக்கு முன் மஞ்சள் பூசும் விழா. இரவு பன்னிரண்டு தாண்டியும் டிஜே. போய்க் கேட்டுப் பார்த்தேன், நிறுத்தவில்லை. போலீசுக்குப் போன் செய்தேன். நிறுத்தினார்கள். ஹோலிக்கு ஹோலி பூரண்போளி கொண்டுவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அந்த வீட்டு காகூ (மராத்தியில் சித்தி), அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே துணை அவர்தான். "நீ போன் பண்ணாம இருந்திருக்கலாம்ப்பா" என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னார்.

இப்போது செம்பூரில், உள் சந்தில் இருக்கிறோம். வாடகை 5,000 கூடுதல், ஏசி பாதி நாள் போடுவதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.