டிசம்பர் பயணத்துக்குப் போனஸை நம்பலாமா?

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். போன வருடம் 60,000-க்குள் முடிக்க நினைத்தோம், 90,000 ஆகிவிட்டது. பயணச்சீட்டு 24,000, தங்குமிடம் 22,000, போன இடத்தில் செலவு 21,000, பரிசுப் பொருள்கள் 15,000, வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு 8,000. கிரெடிட் கார்டில் நின்ற பாக்கியை அடைக்க ஏப்ரல் ஆனது. ஜனவரியில் பள்ளிக் கட்டணம் 20,000, காப்பீட்டு பிரீமியம் 18,000 வேறு. இந்த முறை மாதம் 12,000 ஒதுக்கலாம். பயணத்துக்கு முன் நான்கு சம்பளம் வரும். போனஸ் 50,000 வரை கிடைக்கலாம் என்கிறார்கள். அதை நம்பி இப்போதே முன்பதிவு செய்யலாமா? அல்லது வங்கி 10 சதவீத வட்டியில் தருவதாகச் சொல்லும் 12 மாதப் பயணக் கடனை வாங்கலாமா?

பதில்: போனஸை நம்பிப் பயணத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். அந்தப் பணம் வந்தால் ஜனவரிக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் தேய்த்த கார்டுக்கான பில் ஜனவரியில் வரும். அதே மாதம் பள்ளியும் காப்பீடும் சேர்த்து 38,000 கேட்கின்றன. இரண்டும் மோதும்போது கட்டணத்தையும் பிரீமியத்தையும் தள்ளிப்போட முடியாது. அதனால் கார்டு பாக்கிதான் நிற்கிறது. ஆகவே, உங்கள் திட்டம் டிசம்பர் 31-ல் முடியக் கூடாது, ஜனவரி 31 வரை போக வேண்டும். போனஸ் இதில் எவ்வளவு உதவும் என்று இப்போதே சொல்ல முடியாது. 50,000 என்பது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, பிந்தையதா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். வந்து சேரும் தேதியையும் கேளுங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை அதைப் பூஜ்யமாகவே வையுங்கள். ஏறியதும் முதலில் 38,000-ஐ ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பயணத்தில் சேர்க்கலாம்.

அடுத்து, 60,000 எப்படி 90,000 ஆனது? பயணச்சீட்டு, தங்குமிடம் இரண்டும் 46,000. பரிசுக்கு 14,000 என்று வைத்திருந்தால் 60,000 சரியாகிவிடும். அதாவது, போன இடத்தில் சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து, நுழைவுச்சீட்டு இவற்றுக்கும் விருந்தினருக்கும் நீங்கள் ஒரு பைசாகூட எழுதியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. பலர் செய்வது இதுதான்: முன்பதிவுத் தொகையையே பயணச் செலவு என்று நினைத்துக்கொள்வது. உங்கள் விஷயத்தில் முன்பதிவுக்குப் போன ஒவ்வொரு 100-க்கும் போன இடத்தில் சுமார் 45 செலவாகியிருக்கிறது. இந்த விகிதத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் எந்தப் பொதுக் கணக்கையும்விட இது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

இப்போது கையில் என்ன? நான்கு சம்பளத்தில் 48,000. பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு என்று விட்டால் 43,200. பரிசுக்கு 8,000, விருந்தினருக்கு 5,000 கழித்தால் 30,200. முன்பதிவு 100-க்குப் போன இடத்தில் 45 என்ற அதே விகிதப்படி இதை 1.45-ஆல் வகுத்தால் சுமார் 20,800 வருகிறது. சீட்டும் தங்குமிடமும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். மீதி 9,400 போன இடத்துக்கு. போன வருடம் முன்பதிவுக்குப் போன 46,000-இல் 20,800 பாதிக்கும் குறைவு, அதே பயணம் இந்த முறை முடியாது. இரவுகளைக் குறைப்பதா, பக்கத்து ஊருக்குப் போவதா, கூட்டம் குறைந்த தேதிக்கு மாற்றுவதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். ஒரே அறைக்கும் ஒரே இருக்கைக்கும் உச்ச வாரத்தில் விலை ஏறுகிறது, கிடைப்பதோ அதேதான்.

முன்பதிவை இப்போதே செய்வதானால், அபராதமில்லாமல் ரத்து செய்யும் கடைசித் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். பணம் திரும்பக் கிடைக்காத மலிவு அறை, பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் மலிவாக முடிவதில்லை.

வங்கிக் கடனுக்கு வருவோம். 10 சதவீதம் என்பது குறைந்துவரும் அசலுக்கா, முழு அசலுக்கா என்பதே கேள்வி. மாதத் தவணையைக் கேட்டாலே தெரிந்துவிடும். 60,000 கடனுக்கு 12 மாதத்தில் தவணை சுமார் 5,275 என்றால் குறைந்துவரும் அசலுக்கான வட்டி. மொத்த வட்டி 3,300 அளவில் நிற்கும். 5,500 என்றால் முழு அசலுக்கான வட்டி (பிளாட் ரேட்), மொத்தம் 6,000. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவதால், அதன் உண்மை விகிதம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம். செயல்முறைக் கட்டணம் தனி. எப்படியானாலும், டிசம்பரில் வாங்கினால் கடைசித் தவணை அடுத்த டிசம்பரில் வந்து நிற்கும், அடுத்த பயணத்துக்குச் சேர்க்க வேண்டிய பணத்தைத் தின்றபடி. என் ஆலோசனை: வேண்டாம்.

கார்டைப் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: தேய்க்கும் தொகை ஏற்கெனவே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பில் போடும் நாள் 20, கட்டும் கெடு அதற்கு 20 நாள் கழித்து என்று வைத்துக்கொண்டால், 21-ஆம் தேதி வாங்கியதற்குச் சுமார் 50 நாள் வட்டியில்லை. 19-ஆம் தேதி வாங்கியதற்கு 21 நாள்தான். ஆனால், பழைய பாக்கி கொஞ்சம் நின்றாலும் பொதுவாக இந்தச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏப்ரல் வரை இழுத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது இன்னும் மோசம். 30,000 பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி 900. ஐந்து சதவீதமான 1,500 கட்டினால் அசலில் குறைவது 600 மட்டுமே.

விடுதியில் முன்வைப்புத் தொகை கேட்டால் மட்டும் டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் விடுவிக்கச் சில நாள் ஆகலாம், அதுவும் பயணத்தின் நடுவில்.

சேர்க்கும் பணத்தை அன்றாடக் கணக்கில் வைக்க வேண்டாம். தனிச் சேமிப்புக் கணக்கு போதும். நான்கு மாதப் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமில்லை. சம்பளம் ஏறிய மறுநாளே 12,000 தானாக மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஆண்டுச் சந்தாக்களின் தேதியையும் நவம்பரில் ஒருமுறை பாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் வரும் சிறு தொகைகள் பலவற்றை நாம் மறந்தேபோகிறோம்.

அடுத்த ஆண்டுக் கணக்கு உங்களுக்குச் சாதகம். பயணத்துக்கு 90,000, ஜனவரிக்கு 38,000, ஆக 1,28,000. ஜனவரிச் சம்பளத்திலிருந்து தொடங்கி டிசம்பர் சம்பளம் வரை 12 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் சுமார் 10,700. இப்போது ஒதுக்க முடியும் என்று சொல்லும் 12,000-ஐவிடக் குறைவு. ஆகவே, இந்தப் பயணம் முடிந்ததும் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிடாதீர்கள். தொகையை 10,700-ஆகக் குறைத்து, அப்படியே ஓட விடுங்கள்.