மிளகாய்த் தோட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்துக்குப் பத்து அடி மாடி இருக்கிறது. நாள் முழுக்க வெயில். 20 வகைக் கார மிளகாய் வளர்க்க ஆசை. வகைக்கு ஒரு செடி வைத்தால் போதுமா?

பதில்: இடம் போதும். ஆனால் முதல் வருடத்துக்கு வகைகள்தான் அதிகம். ஓரடி வாய் அகலமுள்ள தொட்டிகளை நடுவுக்கு நடு இரண்டடி விட்டு வைத்தால் 25 தொட்டிகூட அடங்கிவிடும். செடிகள் தழைத்த பிறகு உள்ளே போய் ஓர் இலையைத் திருப்பிப் பார்க்க வழியிருக்காது, மிளகாய்க்கு வருகிற தொல்லைகளில் பாதி இலையின் அடியில்தான் தொடங்குகின்றன. 15, 16 தொட்டியோடு நிறுத்தி, நடுவே நடக்க ஒரு பாதை விடுங்கள்.

எட்டு வகை எடுத்துக்கொண்டு வகைக்கு இரண்டு செடி வையுங்கள். ஒன்று போனாலும் வகை கையை விட்டுப் போகாது. கடுங்கார வகைகளுக்கு மட்டும் ஒரு செடி போதும், அதன் காயை ஒரு வீட்டில் தீர்க்க முடியாது.

தேர்ந்தெடுக்கும்போது காரத்தை விட இனத்தைப் பாருங்கள். உலகில் பயிராகும் மிளகாய் எல்லாம் ஐந்தே இனங்களுக்குள் அடக்கம். ஹாலபீனோவும் கயெனும் அன்னூவம் இனம். ஹபனேரோ, கரோலினா ரீப்பர் போன்றவை சைனென்ஸ். டபாஸ்கோ ஃப்ருடெசென்ஸ். அஜி அமரிஷோ பக்காட்டம். ரொகோட்டோ பியூபெசென்ஸ். எத்தனை நாளில் முளைக்கும், எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், எப்போது பழுக்கும், எதோடு கலக்கும் என்பதை எல்லாம் இனம்தான் முடிவு செய்கிறது. அன்னூவத்துக்கு 10 முதல் 12 லிட்டர் தொட்டி போதும். சைனென்ஸுக்கும் பக்காட்டத்துக்கும் 20 லிட்டர் கொடுங்கள். பக்காட்டம் ஆள் உயரத்துக்கு வளரக்கூடியது, அதை ஓரத்தில் வைத்து நல்ல குச்சி நட்டுக் கட்டுங்கள். ரொகோட்டோவுக்குக் குளிர்ச்சி வேண்டும். நாள் முழுக்க வெயில் காயும் மாடியில் அதை முதல் வருடமே முயல வேண்டாம்.

கேள்வி: ஒரே குழித்தட்டில் ஒரே நாளில் விதைத்தேன். ஹாலபீனோ எட்டு நாளில் முளைத்துவிட்டது. ஹபனேரோவும் ரீப்பரும் 18 நாளாகியும் தலைகாட்டவில்லை. கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டாதீர்கள். அன்னூவம் ஒன்று, இரண்டு வாரங்களில் முளைக்கும். சைனென்ஸ் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளும், விதை பழையதென்றால் இன்னும் கூட. இரண்டையும் ஒரே தட்டில் போட்டதில்தான் சிக்கல். ஹாலபீனோ நாற்றுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் ஹபனேரோவுக்கு மூடாக்கும் கதகதப்பும் வேண்டும். மூடியே வைத்தால் முளைத்த நாற்றுகள் தண்டு நூலாகி, மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்துச் சாய்ந்துவிடும். அதுதான் நாற்றழுகல். திறந்து வைத்தால் முளைக்காத குழிகளின் மேல்மண் காய்ந்து, உள்ளே வெடித்த முளை வாடிப்போகும். அடுத்த முறை இனத்துக்கு ஒரு தட்டு வையுங்கள். சைனென்ஸை நான்கு வாரம் முன்கூட்டியே விதைத்துவிடுங்கள். பழுக்கவும் அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

விதையை எட்டு முதல் 12 மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறையின் சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈரமான தட்டு அறையை விடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும், சமையலறை வெப்பமானியை மண்ணில் செருகிப் பாருங்கள். தென்னை நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, விரித்தால் உதிரவும் கூடாது. அந்த ஈரம் சரி.

பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை வெயிலில் மூன்று மாதத்தில் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் சீட்டில் பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். சீட்டைத் தொட்டியில் செருகினால் மட்டும் போதாது, எந்தத் தொட்டியில் எந்த வகை என்று ஒரு படம் வரைந்தும் வையுங்கள். காற்றிலோ காக்கையாலோ ஒரு சீட்டு போனாலும், காய்க்கும் வரை நாற்றை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

கேள்வி: எல்லாச் செடியிலும் கொழுந்து இலை சுருண்டுகொண்டே வருகிறது. வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்துவிட்டேன். சிலது தேறியது, சிலது மோசமாகிவிட்டது.

பதில்: ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்து அடித்திருக்கிறீர்கள். சுருட்டை பலவகை. இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஓரம் மேல்நோக்கி மடங்கி இலை படகு போல் ஆகியிருந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஊசி முனை அளவில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நீளவாக்கில் ஏதாவது ஓடினால் அதுதான். வேப்பெண்ணெய் இதற்குக் கேட்கும். ஐந்து மில்லி எண்ணெயை இரண்டு மில்லி திரவ சோப்போடு முதலில் நன்றாகக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் நீரில் ஊற்றுங்கள். நேரே நீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், கடைசியில் தெளிக்கும் செடிக்குச் சுத்த எண்ணெயே போய் இலை கருகும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, ஐந்து ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை. இரண்டோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்தவை தப்பிவிடும். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைச் செடியின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள்.

ஓரம் கீழ்நோக்கி மடங்கி, இலை ஒடுங்கி நீண்டு, அடிப்பக்கம் பித்தளைபோல் பளபளத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் அது முரணைச் சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, 20 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். உங்களிடம் மோசமான செடிகள் இவையாகத்தான் இருக்க வேண்டும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தெளியுங்கள். இரண்டு எச்சரிக்கை: வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம் அடிக்கலாம். நீங்கள் ஏற்கெனவே வேப்பெண்ணெய் அடித்திருப்பதால், அதுவரை சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள், அந்தத் தொட்டிகளைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸ். இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாக நின்றுவிடும். பூச்சியே இல்லாமல் சுத்தமாக இருந்தாலும் புது இலையும் அப்படியே வரும். அதற்கு மருந்து இல்லை. எவ்வளவு அரிய வகையானாலும் பிடுங்கிவிடுங்கள். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிக்குத்தான் ஆபத்து.

ஒன்றை மனதில் வையுங்கள்: ஒருமுறை சுருண்ட இலை, பூச்சி செத்த பிறகும் விரியாது. அதைப் பார்த்து மறுபடி மறுபடி மருந்தடிப்பவர்கள் உண்டு. மருந்து வேலை செய்ததா என்பதை அடுத்து வரும் கொழுந்தில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: செடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பூத்ததெல்லாம் காம்போடு உதிர்கிறது.

பதில்: பச்சைப்பசேல் என்பதே ஒரு துப்பு. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே நின்றுவிடும். சாண உரக் கரைசல், புண்ணாக்குக் கரைசல் இரண்டையும் நிறுத்துங்கள். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். அடுத்த காரணம் வெப்பம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியமிழந்து பூ உதிரும். அப்போது உரம் பயன் தராது. நிழல்வலை கட்டிக் காத்திருங்கள், சூடு தணிந்ததும் தானே பிடிக்கும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கக்கூடியது, காற்றில்லாத இடத்தில் மட்டும் காலையில் கிளையை மெல்லச் சுண்டிவிடுங்கள்.

கேள்வி: ஹாலபீனோவையும் பூத் ஜோலோகியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஹாலபீனோ கடுங்காரமாகிவிடுமா? விதை எடுக்கலாமா?

பதில்: இந்த வருடக் காய் மாறாது. காயின் சதையும் உள்ளே காரம் ஊறும் வெள்ளைப் பகுதியும் தாய்ச்செடியின் உடம்பு. எந்தப் பூவின் மகரந்தம் விழுந்தாலும் அவை தாய்ச்செடி போலத்தான் இருக்கும். கலப்பு விதைக்குள் மட்டுமே. அந்த விதையை அடுத்த வருடம் விதைத்தால்தான் வேறு மிளகாய் காய்க்கும்.

பூத் ஜோலோகியா சைனென்ஸ் இனம். அன்னூவமும் சைனென்ஸும் தமக்குள் கலக்கக்கூடியவை. ரொகோட்டோ மட்டும் மற்ற நான்கோடும் கலப்பது அபூர்வம். ஆகவே விதை வேண்டுமென்றால் பூவைக் காக்க வேண்டும். நாளைக்கு விரியப்போகிற, இன்னும் வாய் திறக்காத மொட்டுகள் உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே விரிந்த பூ, பிடித்த பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு, மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டி, காம்புப் பக்கம் எறும்பு புகாதபடி சுருக்கிக் கட்டுங்கள். தினம் காலையில் பையோடு சேர்த்துச் சுண்டுங்கள். உள்ளே நான்கைந்து பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, உடனே அந்தப் பிஞ்சுகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்ட மறந்தால் இரண்டு வாரத்தில் எது பைக்குள் பிடித்தது, எது வெளியே பிடித்தது என்று தெரியாமல் போய் எல்லா வேலையும் வீண்.

காய் முழு நிறம் வந்து, தொட்டால் லேசாகத் தொய்ந்த பிறகு விதை எடுங்கள். நிழலில் ஒன்றிரண்டு வாரம் உலர்த்துங்கள். நகத்தால் மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்தால் மூன்று ஆண்டுகளாவது நன்றாக முளைக்கும். வீரிய ஒட்டு வகையில் இவ்வளவு பாடு வேண்டாம், பை கட்டினாலும் அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது.

கேள்வி: காயின் நுனி கறுத்துக் குழிகிறது. ஹாலபீனோ தோலில் வேறு பழுப்புக் கீறல்கள்.

பதில்: முதலாவது சுண்ணாம்புச்சத்து காய் நுனி வரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தும் வரும், ஏனென்றால் அதை நீர்தான் சுமந்து போக வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். விரலை இரண்டு அங்குலம் செருகி, உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். மண்ணின் மேல் சருகு பரப்புங்கள். கீறல்கள் நோயல்ல. காய் தோலை விட வேகமாகப் பருத்ததன் தழும்பு, தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடுமா? ஸ்கோவில் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பதில்: காரம் விதையில் ஊறுவதில்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் தரும் கேப்சைசின் சுரக்கிறது, விதைமேல் இருப்பது அங்கிருந்து ஒட்டியது. அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் காரம் வெகுவாகக் குறையும்.

1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியல் வல்லுநர் வகுத்த கார அளவுதான் ஸ்கோவில் எண். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில், காரம் தெரியாமல் போகும் வரை கலக்கிச் சுவைத்துப் பார்த்தார்கள். இப்போது கருவியால் அளக்கிறார்கள். ஹாலபீனோ 2,500 முதல் 8,000, ஹபனேரோ ஒரு லட்சம் முதல் மூன்றரை லட்சம், கரோலினா ரீப்பர் சராசரி 16 லட்சத்துக்கு மேல். 2023இல் கின்னஸ் சாதனையான பெப்பர் எக்ஸ் 26,93,000. ஆனால் அதை உருவாக்கியவர் விதையை விற்பனைக்கு விடவில்லை, அந்தப் பெயரில் கிடைக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள். மற்ற எண்களை ஒரு வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடியிலேயே காய்க்குக் காய் காரம் மாறும்.

கேள்வி: ரீப்பர் நறுக்கிய கை இரவு முழுக்க எரிந்தது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

பதில்: கேப்சைசின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வெறும் நீரில் கழுவினால் கை முழுக்கப் பரவத்தான் செய்யும். சமையல் எண்ணெயை நக இடுக்கு வரை ஒரு நிமிடம் தேய்த்து, நீர் படாமல் தாளால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள். கத்தி, பலகை, குழாய்த் திருகு எல்லாவற்றையும் அதே மாதிரி. கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு நறுக்குங்கள். உலர்த்திப் பொடிக்கும்போது ஜார் மூடியை உடனே திறக்காமல், தூசி அடங்கப் பத்து நிமிடம் விட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்துத் திறங்கள்.